எச்எம்ஜிபி1: பழைய குப்பி டிஎன்எஃப் கொட்டுகிறது, புதிய குப்பி வாயே திறக்கவில்லை. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

ஆறாவதுவருடம் | செவ்வாய், இரவு 11:42

இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்வது இதுதான். டிஎச்பி-1 செல்களுக்கு (மனித ரத்தப் புற்றிலிருந்து வந்த மோனோசைட் வகை) பிஎம்ஏ என்ற வேதிப்பொருளைக் கொடுத்து, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜாக மாற்றுகிறேன். ஒரு நாள் ஓய்வு விட்டு, ரீகாம்பினன்ட் (வேறு செல்லில் செய்யவைத்து எடுத்த) மனித எச்எம்ஜிபி1 புரதத்தை மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வீதம் விடுகிறேன். மறுநாள் மீடியத்தை எடுத்து, செல்கள் எவ்வளவு டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) விட்டிருக்கின்றன என்று எலைசா சோதனையில் பார்க்கிறேன். பழைய குப்பியில் இரண்டு வருடமாக 1800 பிகோகிராம், கொஞ்சம் முன்னே பின்னே. என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயமே அந்த எண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அது தீர்ந்துகொண்டு வருகிறது, கேட்டால் ஸ்டாக் இல்லை என்றார்கள். வேறு இடத்தில் வாங்கினேன். அதே செல், அதே நாள், அதே தட்டு. வந்தது 60. எதுவுமே விடாத குழியில் 50. எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள், செல்களை உறுதியாகத் தூண்டும்) விட்ட குழி வழக்கம்போல் எகிறுகிறது, ஆகவே செல்கள் மேல் பழி போட முடியாது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன்.

கைடிடம் காட்டினேன். என் கை சரியில்லை என்கிறார். இரண்டு வருடம் சரியாக இருந்த கை ஒரே வாரத்தில் எப்படிக் கெட்டுப்போகும்?

நள்ளிரவு_பிப்பெட் | செவ்வாய், இரவு 11:58

பழைய குப்பி ஈ.கோலியில் செய்ததா?

ஆறாவதுவருடம் | புதன், 12:03

ஆமாம். புதியது எச்இகே என்ற மனித செல்லில் செய்தது. ஆனால் பழையதன் சான்றிதழில் எண்டோடாக்சின் (அதாவது எல்பிஎஸ்) ஒரு மைக்ரோகிராமுக்கு 1 ஈயூ-வுக்கு (எண்டோடாக்சின் அலகு) கீழ் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அது போதாதா?

நள்ளிரவு_பிப்பெட் | புதன், 12:05

போதாது. ஜெல்ராணி அக்கா காலையில் வந்து விளக்குவார். எனக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஜெல் ஒன்று இருக்கிறது.

ஜெல்ராணி | புதன், காலை 7:20

வந்துவிட்டேன். கணக்கை நீங்களே போட்டிருந்தால் நேற்று இரவே தூங்கியிருக்கலாம்.

1 ஈயூ என்பது ஏறக்குறைய 100 பிகோகிராம் எல்பிஎஸ். சான்றிதழ் சொல்வது "1-க்குக் கீழ்" என்று. 0.01-உம் கீழ்தான், 0.95-உம் கீழ்தான். நீங்கள் விடுவது 2 மைக்ரோகிராம். ஆகவே மோசமான பக்கம் நின்று பார்த்தால், ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராம் வரை எல்பிஎஸ்ஸையும் சேர்த்து ஊற்றியிருக்கிறீர்கள். மனித மோனோசைட்டுகள் பத்து இருபது பிகோகிராமுக்கே எழுந்து உட்கார்ந்துவிடும். 1800 வர அந்தப் புரதமே தேவையில்லை.

அந்த ஒரு வரியைப் பார்த்து "சுத்தம்" என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. ஒரு என்சைம் வேலைக்கு அது சுத்தம்தான். டிஎல்ஆர்4 (எல்பிஎஸ்ஸை உணரும் செல் ஏற்பி) பற்றிய வேலைக்கு அது சுத்தமே இல்லை.

இதில் எச்எம்ஜிபி1 இன்னும் மோசமான கேஸ். அது எல்பிஎஸ்ஸைத் தன் மேலேயே ஒட்டவைத்துக்கொள்ளும். டிஎன்ஏ-வும் ஒட்டும், வேறு கொழுப்புகளும் ஒட்டும். பாக்டீரியாவுக்குள் செய்தால் பாக்டீரியாவின் அழுக்கைப் பூசிக்கொண்டே வெளியே வரும். 2007-இல் ஹெல்சிங்கி குழு யூகேரியோட் செல்லில் செய்து நன்றாகச் சுத்தம் பண்ணிய புரதத்தை வைத்துப் பார்த்தபோது, அது தனியாக அழற்சியைத் தூண்டும் திறன் மிகக் குறைவாக இருந்தது. அப்போது பலபேர் முகம் சுளித்தார்கள்.

இன்னொன்று. "ஆட்டோகிளேவ் பண்ணிய தண்ணீர்தானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், அதன் எல்பிஎஸ்ஸை ஒன்றும் செய்யாது. குக்கரில் வைத்த பருப்பு வெந்துவிடும், கூட வைத்த கல் அப்படியேதான் இருக்கும். கண்ணாடிப் பாத்திரம் என்றால் 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணிக்கு மேல் வைக்க வேண்டும்.

மூன்றாம்பெஞ்சு | புதன், காலை 9:15

எம்எஸ்சி மாணவன், அடிப்படைக் கேள்விதான், சிரிக்க வேண்டாம். எச்எம்ஜிபி1 நியூக்ளியஸில் டிஎன்ஏ-வோடு இருக்கும் புரதம் என்றுதான் எங்களுக்கு நடத்தினார்கள். அதை ஏன் செல்லுக்கு வெளியே ஊற்றுகிறீர்கள்?

கட்டிக்காரன் | புதன், காலை 10:40

இங்கே சிரிக்க யாருக்கும் தகுதி இல்லை தம்பி. கேள்வி நல்ல கேள்வி.

(பெயரைப் பார்த்துப் பலபேர் கேட்டுவிட்டார்கள். கெட்டிக்காரன் இல்லை. புற்றுக்கட்டிகளில் வேலை, ஆகவே கட்டிக்காரன்.)

1973-இல் இங்கிலாந்தில் கன்றுக்குட்டியின் தைமஸிலிருந்து எடுத்தார்கள். குரோமாட்டினை 0.35 மோலார் உப்பில் அலசினால் வெளியே வரும், 2 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்திலும் கரைந்தே நிற்கும். ஜெல்லில் விட்டால் மற்றவற்றை முந்திக்கொண்டு ஓடும். ஹை மொபிலிட்டி குரூப் என்ற பெயர் அந்த ஓட்டத்துக்காக வைத்ததுதான், அதன் வேலைக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஒரு செல்லில் சுமார் பத்து லட்சம் பிரதிகள் இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 215 அமினோ அமிலம். ஏ பெட்டி, பி பெட்டி என்று இரண்டு பெட்டி. கடைசியில் முப்பது அமில எச்சங்கள் கொண்ட வால், முழுக்க குளுட்டமேட்டும் ஆஸ்பார்டேட்டும்தான். பெட்டிகள் டிஎன்ஏ-வை வளைக்கும். வளைத்துப் பிடித்தால் மற்ற புரதங்கள் வந்து உட்கார வசதி. இந்த மரபணு இல்லாத எலிக்குட்டி பிறக்கும், ஆனால் ரத்தச் சர்க்கரை விழுந்து சீக்கிரமே செத்துப்போகும்.

இதற்கு நடுவே, 1980-களில் ஹெல்சிங்கியில் நரம்புசெல்லின் நீட்சிகளை வளர வைக்கும் புரதம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததற்கு ஆம்ஃபோடெரின் என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே ஆள்!

கதை திரும்பியது 1999-இல். நியூயார்க்கில் கெவின் டிரேசி குழு எலிகளுக்கு எண்டோடாக்சின் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. டிஎன்எஃப் முதல் சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கிவிடும். எலியோ அதற்குப் பிறகுதான் சாகும். அப்படியானால் தாமதமாக வருகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? 8 மணி நேரத்துக்கு மேல் ரத்தத்தில் ஏறத் தொடங்கி 16 முதல் 32 மணி நேரம் வரை உயர்ந்தே நின்றது இந்த நியூக்ளியஸ் புரதம். எதிர்ப்பொருள் கொடுத்துத் தடுத்தால் எலிகள் பிழைத்தன.

2002-இல் பியாங்கி, மிஸ்டெலி குழு நேச்சரில் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அடிபட்டு வெடித்துச் சாகும் செல் எச்எம்ஜிபி1-ஐ வெளியே கொட்டிவிடும். அப்பாப்டோசிஸில் ஒழுங்காகச் சாகும் செல் அதைக் குரோமாட்டினோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டே போகும். ஆக, வெளியே எச்எம்ஜிபி1 கிடந்தால் பக்கத்துச் செல்களுக்கு அது "இங்கே யாரோ அநியாயமாகச் செத்திருக்கிறார்கள்" என்ற செய்தி. வீட்டு உத்திரம் தெருவில் கிடந்தால் வீடு இடிந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள மாட்டோமா, அதுபோல.

உயிரோடு இருக்கும் மேக்ரோஃபேஜும் இதை வெளியே விடும். சிக்னல் பெப்டைடு கிடையாது, கால்ஜி வழியாகவும் போகாது. லைசீன்களில் அசிட்டைல் ஏற்றி, நியூக்ளியஸுக்குத் திரும்பும் முகவரியை மறைத்துக் கடத்திவிடும்.

மூன்றாம்பெஞ்சு | புதன், காலை 11:02

உத்திரம் உவமை என் நோட்டில் ஏறிவிட்டது. நன்றி அண்ணா.

வார்டு_மருத்துவர் | புதன், இரவு 9:30

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவன் பார்வையில் இரண்டு வரி. செப்சிஸ் நோயாளி எங்களிடம் வந்து சேரும்போது டிஎன்எஃப் அலை அடித்து ஓய்ந்திருக்கும். அதனால்தான் இந்தத் தாமதப் புரதத்தின் மேல் அவ்வளவு ஆசை வந்தது. 2004-இல் எலியின் குடலில் துளையிட்டுச் செப்சிஸ் உண்டாக்கி, 24 மணி நேரம் கழித்து எதிர்ப்பொருளைத் தொடங்கியும் பலன் காட்டினார்கள். எங்களுக்கு அந்த 24 என்பது பெரிய விஷயம்.

ஆனால் இன்று வரை வார்டில் பயன்படுத்த ஒரு எச்எம்ஜிபி1 எதிர்ப்பொருள் மருந்து வரவில்லை. டிஎல்ஆர்4-ஐ அடைக்கும் எரிடோரானைப் பெரிய அளவில் சோதித்தார்கள், 28 நாள் இறப்பு குறையவில்லை. எலியைக் காப்பாற்றுவதில் நாம் கைதேர்ந்தவர்கள்.

ஆறாவதுவருடத்திடம் ஒரு கேள்வி. நோயாளியின் ரத்தத்தில் இதை நானோகிராம் கணக்கில்தான் அளக்கிறார்கள். நீங்கள் 2 மைக்ரோகிராம் விடுவது ஏன்?

ஆறாவதுவருடம் | புதன், இரவு 10:11

எனக்கு முன் இருந்த சீனியர் 2 மைக்ரோகிராம் விட்டார், டாக்டர். அவருக்கு முன் இருந்தவரும்.

நள்ளிரவு_பிப்பெட் | புதன், இரவு 10:14

இந்தத் துறையின் முழு வரலாறும் மேலே உள்ள பதிலில் இருக்கிறது.

ஆறாவதுவருடம் | வெள்ளி, மாலை 6:50

எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி போட்டுப் பார்த்துவிட்டேன். எல்பிஎஸ் மட்டும் விட்ட குழி சுத்தமாக அடங்கிவிட்டது. பழைய குப்பி 1800-இலிருந்து 700-க்கு இறங்கியது, அதற்குக் கீழ் போகவில்லை.

அப்படியானால் மிச்சம் 700 உண்மையான புரதத்தின் வேலைதானே? சொல்லுங்கள், ஆமாம் என்று சொல்லுங்கள்.

ஜெல்ராணி | வெள்ளி, இரவு 8:35

ஆமாம் என்று சொல்ல ஆசைதான் தங்கச்சி. சொல்ல முடியாது.

பாலிமிக்சின் பி மீடியத்தில் தனியாக மிதக்கும் எல்பிஎஸ்ஸின் லிப்பிடு ஏ பகுதியைப் பிடிக்கும். ஏற்கெனவே எச்எம்ஜிபி1-இன் மடியில் உட்கார்ந்திருக்கும் எல்பிஎஸ்ஸை அது முழுவதும் பிடுங்கிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2008-இல் வந்த வேலை ஒன்று, எச்எம்ஜிபி1 எல்பிஎஸ்ஸைக் கையோடு கொண்டுபோய், எல்பிஎஸ்ஸை வாங்கும் செல் ஏற்பியான சிடி14-இடம் ஒப்படைக்கிறது என்று காட்டியது. அதாவது ஒரு துளி எல்பிஎஸ் இருந்தாலும் இந்தப் புரதம் அதற்கு ஆட்டோ பிடித்துக் கொடுக்கிறது. உங்கள் 700 எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை செய்து பார்க்கலாமே என்பீர்கள். செய்யுங்கள், ஆனால் ஒட்டிக்கொண்ட எல்பிஎஸ் அந்தச் சோதனையின் கண்ணுக்கும் மறைந்துவிடலாம். தெரிந்த அளவு எல்பிஎஸ்ஸை உங்கள் புரதத்தோடு கலந்து, அது முழுசாகத் திரும்பிக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே வருகிற எண்ணை நம்புங்கள்.

கொதிக்க வைப்பதுதான் பழைய வழி. புரதம் சிதையும், எல்பிஎஸ் சிதையாது. கொதித்த பிறகும் டிஎன்எஃப் வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். கட்டிக்காரன் மேலே சொன்னதைக் கவனியுங்கள், அமிலத்திலேயே கரைந்து நின்ற புரதம் இது. சூடாறியதும் பெட்டிகள் ஓரளவு திரும்ப மடிந்துகொள்ளக்கூடும். ஆகவே முதலில் புரோட்டினேஸ் கே விட்டு வெட்டுங்கள், பிறகு 95 டிகிரி. அந்த என்சைமும் அதே சூட்டில் அடங்கிவிடும். என்சைம் மட்டும் விட்ட குழி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதிலேயே எல்பிஎஸ் இருந்த கதையெல்லாம் எனக்கு நடந்திருக்கிறது.

சரி, பழைய குப்பியை விடுங்கள். புதிய குப்பியின் பஃபரில் என்ன இருக்கிறது? சான்றிதழைப் படித்துச் சொல்லுங்கள்.

ஆறாவதுவருடம் | வெள்ளி, இரவு 8:52

பிபிஎஸ், கூடுதல் உப்பு, 1 மில்லிமோலார் டிடிடி.

ஜெல்ராணி | வெள்ளி, இரவு 9:40

டிடிடி! அதைத்தான் எதிர்பார்த்தேன்.

இந்தப் புரதத்தில் மூன்றே மூன்று சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்). இருக்கும் இடம் 23, 45, 106. ஆட்டம் முழுவதும் அந்த மூன்றில்தான். மூன்றும் திறந்த தயால்களாக இருந்தால், அது செல்களை அழைத்து வரும் ஆள். சிஎக்ஸ்சிஎல்12 என்ற அழைப்புப் புரதத்துடன் கைகோத்து, சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி வழியாக வெள்ளணுக்களை இழுத்து வரும், டிஎன்எஃப் வரவைக்காது. 23-உம் 45-உம் டைசல்ஃபைடு முடிச்சுப் போட்டு, 106 மட்டும் திறந்திருந்தால் டிஎல்ஆர்4-உம் அதன் துணைப் புரதம் எம்டி2-உம் சேர்ந்த இடத்தில் பொருந்தி டிஎன்எஃப் வரவைக்கும். மூன்றும் மிதமிஞ்சி ஆக்சிஜன் ஏறிவிட்டால் இரண்டு வேலையும் போச்சு. 2010-க்கும் 2012-க்கும் நடுவில் இதெல்லாம் வெளிவந்தது. அதற்கு முன் வந்த கட்டுரைகளில் எந்த வடிவத்தை ஊற்றினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

டிடிடி முடிச்சை அவிழ்த்துவிடும். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அழைக்கும் வடிவத்தை. அதனிடம் போய் டிஎன்எஃப் கேட்டால் எப்படித் தரும்? நீங்கள் செல்மேல் விடும்போது டிடிடி நன்றாக நீர்த்துவிடும், செல்லுக்கு அதனால் பயம் இல்லை. ஆனால் புரதம் குப்பிக்குள்ளேயே அவிழ்ந்துதான் இருந்திருக்கும்.

டிடிடி இல்லாத பிபிஎஸ்ஸில் குளிர் அறையில் டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்து பஃபரை மாற்றுவது) போடுங்கள். 23-45 முடிச்சு சுலபமாக விழும். அவசரப்பட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிவிடாதீர்கள், 106-ஐயும் சேர்த்துக் கெடுத்துவிடுவீர்கள். விழுந்ததா என்று பார்க்க மாதிரியை அயோடோஅசிட்டமைடில் பூட்டி, மெர்காப்டோ எதுவும் சேர்க்காமல் ஜெல் ஓட்டுங்கள். முடிச்சு விழுந்தது கொஞ்சம் சுருங்கி இருக்கும், கூடுதலாக ஓடும். இரண்டு பட்டைக்கும் வித்தியாசம் நகக்கண் அளவுதான், ஆகவே 15 சதவீத ஜெல், பொறுமையாக. 25 கிலோடால்ட்டன் என்று எழுதியிருக்கிறதே, ஏன் 28, 30 பக்கம் நிற்கிறது என்று அப்புறம் வந்து கேட்காதீர்கள். அது அந்த அமில வால் செய்யும் வேலை.

நள்ளிரவு_பிப்பெட் | வெள்ளி, இரவு 10:20

கூடவே ஒன்று. சிஸ்டீனுக்குப் பதில் செரீன் வைத்த 3எஸ் வடிவம் கிடைக்கிறது. அது எப்போதும் அழைக்கும் வடிவத்திலேயே நிற்கும், முடிச்சுப் போடவே முடியாது. கட்டுப்பாட்டுக்கு அருமையான பொருள்.

நோயாளி ரத்தத்தில் இந்த வடிவங்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பிரித்தறிந்ததாக வந்த கட்டுரைகளை மட்டும் நன்றாகச் சரிபார்த்த பிறகே மேற்கோள் காட்டுங்கள். அவற்றில் சில திரும்பப் பெறப்பட்டுவிட்டன.

மூலிகைப்பித்தன் | சனி, காலை 6:05

இத்தனை தூரம் பேசுகிறீர்கள், நம் அதிமதுரத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லையே! அதில் உள்ள கிளைசிரைசின் இதே எச்எம்ஜிபி1-ஐப் பிடித்துக் கட்டிவிடுகிறது என்று வெளிநாட்டுக்காரனே நிரூபித்துவிட்டான். பாட்டி தொண்டைக்கட்டுக்குக் கொடுத்த குச்சியை இப்போதாவது மதியுங்கள்.

ஜெல்ராணி | சனி, காலை 8:10

பிடிப்பது உண்மை. 2007-இல் மிலானில் காட்டியதுதான், இரண்டு பெட்டிகளின் உள்வளைவிலும் போய் உட்காருகிறது. ஆனால் எவ்வளவு இறுக்கமாக? ஏறக்குறைய 150 மைக்ரோமோலார். கைகுலுக்கல் மாதிரி, கைவிலங்கு மாதிரி இல்லை. செல்தட்டில் அவ்வளவு அடர்த்தியாக விட முடியும், உடம்பில் விட முடியுமா?

இன்னொன்று, அவ்வளவு அதிகமாக விடும்போது கிளைசிரைசின் எச்எம்ஜிபி1-ஐ மட்டும்தான் தொடுகிறது என்று சொல்லிவிட முடியாது. "கிளைசிரைசின் போட்டேன், குறைந்தது, ஆகவே எச்எம்ஜிபி1" என்று முடிக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

வார்டு_மருத்துவர் | சனி, காலை 8:45

குச்சியை மென்றால் கிளைசிரைசின் குடலில் உடைந்து வேறு பொருளாகத்தான் பெரும்பாலும் உள்ளே போகும். அந்த வேறு பொருள் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஜப்பானில் கல்லீரல் அழற்சிக்குக் கிளைசிரைசினை நரம்பு ஊசியாகவே நெடுங்காலம் கொடுத்திருக்கிறார்கள், அது வேறு கணக்கு. தொண்டைக்கு நாலு நாள் மெல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாதக்கணக்கில் மெல்ல வேண்டாம்.

மூலிகைப்பித்தன் | சனி, காலை 9:00

நான் பிபி மாத்திரை சாப்பிடுகிறவன்தான் டாக்டர். மாதக்கணக்கில் மெல்கிறவனும்தான். சரி, நிறுத்திப் பார்க்கிறேன்.

மூன்றாம்பெஞ்சு | சனி, மதியம் 2:30

கட்டிக்காரன் அண்ணா, புற்றுநோயில் இது நல்லதா கெட்டதா? தேடிப் பார்த்தால் பாதிக் கட்டுரை நல்லது என்கிறது, பாதி கெட்டது என்கிறது.

கட்டிக்காரன் | ஞாயிறு, மாலை 5:15

இரண்டும் சரி, அதுதான் தொல்லை.

முதலில் உள்ளே இருக்கும்போது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுமருந்து டிஎன்ஏ-வில் முடிச்சுப் போட்டு வளைத்துவிடும். வளைந்த டிஎன்ஏ என்றால் எச்எம்ஜிபி1-க்கு அல்வா, ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். 1992-இலேயே லிப்பர்ட் ஆய்வகம் இதைக் காட்டியது. அதனால் மருந்தின் பலம் கூடுகிறதா என்பதில் செல்லுக்குச் செல் பதில் மாறுகிறது, அதற்குள் இப்போது போகவில்லை.

வெளியே வந்தால் கதை இரண்டாகப் பிரியும். 2000-இல் நேச்சரில் வந்த வேலையில், எச்எம்ஜிபி1-க்கும் ரேஜ் ஏற்பிக்கும் உள்ள தொடர்பை வெட்டினார்கள், எலியில் கட்டி வளர்வதும் பரவுவதும் குறைந்தன. அதைப் படித்தால் இது வில்லன். 2007-இல் பாரிஸில் சிட்வோகல், குரோமர் குழு செய்ததைப் படித்தால் இதே ஆள் கதாநாயகன். ஆந்த்ராசைக்ளின் போன்ற மருந்தால் சாகும் புற்றுசெல் எச்எம்ஜிபி1-ஐ விடும், அது டென்ட்ரிடிக் செல்லின் டிஎல்ஆர்4-ஐத் தட்டி, "இந்தக் கட்டியின் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டு" என்று சொல்லும். டிஎல்ஆர்4-இல் ஒரு குறிப்பிட்ட மரபு மாற்றம் உள்ள மார்பகப் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சைக்குப் பின் நோய் சீக்கிரம் திரும்பியதையும் அதில் காட்டினார்கள். கட்டிகளும் சும்மா இருப்பதில்லை. கட்டிக்குள் இருக்கும் டென்ட்ரிடிக் செல்லில் டிம்-3 என்ற புரதம் ஏறி நின்று, எச்எம்ஜிபி1 கொண்டுவரும் டிஎன்ஏ-வை உள்ளே விடாமல் தடுப்பதை 2012-இல் ஜப்பானியர் காட்டினார்கள்.

என்னைக் கேட்டால், ஒரே நாளில் ஒரே அடியில் நிறையச் செல்கள் செத்து வெளியே வந்தால் அது எச்சரிக்கை மணி. வருடக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருந்தால் கட்டிக்கு உரம். ஆஸ்பெஸ்டாஸைப் பாருங்கள். நார் நுரையீரல் உறையில் குத்திக்கொண்டு மீசோதீலியல் செல்களை வெடித்துச் சாக வைக்கும், எச்எம்ஜிபி1 வெளியே வரும், மேக்ரோஃபேஜ் டிஎன்எஃப் விடும், அந்த டிஎன்எஃப்பின் தயவில் பாதி அடிபட்ட செல்கள் சாகாமல் பிழைத்துக்கொள்ளும். பிழைக்கக்கூடாதவை பிழைப்பதுதான் புற்று. 2010-இல் இந்தச் சங்கிலியைக் கோத்தார்கள். நம் ஊரில் இன்னும் எத்தனை வீட்டுக் கூரை அந்த ஷீட் என்று எண்ணிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

ஆறாவதுவருடம் கவனிக்க: இந்த எல்லா வாதத்திலும் எந்த வடிவம், எவ்வளவு சுத்தம் என்ற உங்கள் கேள்வி அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆறாவதுவருடம் | அடுத்த வாரம், வியாழன், இரவு 10:30

வந்துவிட்டேன். கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் சிரித்தேன்.

முதலில் பழைய குப்பி. புரோட்டினேஸ் கே-யில் வெட்டி 95 டிகிரியில் வைத்த பிறகும் 1450. வெட்டி, கொதிக்க வைத்து, பாலிமிக்சினும் விட்டால் 80. என்சைம் மட்டும் விட்ட குழி 55. அதாவது புரதம் சிதைந்ததும் ஒளிந்திருந்த எல்பிஎஸ் வெளியே வந்து பாலிமிக்சின் கையில் மாட்டிக்கொண்டது. நான் கொண்டாடிய அந்த 700-இல் பெரும்பகுதி மடியில் உட்கார்ந்திருந்த எல்பிஎஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு வருடம் விலை உயர்ந்த எல்பிஎஸ் ஊற்றியிருக்கிறேன்.

புதிய குப்பி. ஜெல்லில் இரண்டு நாள் வீணானது, முதல் முறை அயோடோஅசிட்டமைடு பழசு. அடுத்த ஜெல்லில், டிடிடி உள்ள குப்பி மேலே ஒற்றைப் பட்டை. டயாலிசிஸ் போட்டதில் பெரும்பகுதி கீழே இறங்கிவிட்டது, மேலே லேசாக ஒரு நிழல். அக்கா சொன்ன அதே நகக்கண் அளவு. அதைச் செல்லில் விட்டால் 210. வெட்டிக் கொதிக்க வைத்தால் 50. டாக்-242 கொடுத்து டிஎல்ஆர்4-ஐ அடைத்தால் 60. பாலிமிக்சின் போட்டால் 190.

210 என்பது 1800-க்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த 210 என்னுடையது.

கடைசியாக ஒன்று செய்தேன், யாரும் சொல்லவில்லை. 10 பிகோகிராம் எல்பிஎஸ் மட்டும்: 100. அதே 10 பிகோகிராமை டயாலிசிஸ் போட்ட எச்எம்ஜிபி1-உடன் ஒரு மணி நேரம் சேர்த்து வைத்துவிட்டு விட்டேன்: 650. இரண்டு முறை செய்துவிட்டேன், இரண்டிலும் இதே மாதிரி.

நள்ளிரவு_பிப்பெட் | வியாழன், இரவு 10:41

100-உம் 210-உம் சேர்ந்தால் 310. 650 எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் அத்தியாயம்.

ஜெல்ராணி | வியாழன், இரவு 11:05

மூன்றாவது முறையும் செய்யுங்கள், வேறு பாஸேஜ் செல்லில். 3எஸ் வடிவத்தையும் பக்கத்தில் வையுங்கள். எல்பிஎஸ்ஸைச் சுமந்து போவதற்கு முடிச்சு தேவையா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். அளவையும் இறக்குங்கள், டாக்டர் கேட்டது சும்மா இல்லை. 2 மைக்ரோகிராம், 500 நானோ, 100 நானோ. 100 நானோவிலும் இந்தக் கூட்டு நின்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

கைடு என்ன சொன்னார்?

ஆறாவதுவருடம் | வியாழன், இரவு 11:20

முதலில் பழைய குப்பி மாதிரி இன்னொன்று தேடச் சொன்னார். பிறகு கொதிக்க வைத்த குழியின் எண்ணைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், 2019-இல் எங்கள் ஆய்வகம் போட்ட கட்டுரையில் எந்தக் குப்பி என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதே குப்பிதான்.

இன்னும் பேசவில்லை. திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறார்.

வார்டு_மருத்துவர் | வெள்ளி, காலை 6:40

பார்க்கச் சொன்னாரே, அதுவே நல்ல அறிகுறி. திங்கட்கிழமை போகும்போது எண்களோடு ஜெல் படத்தையும் எடுத்துப் போங்கள்.

ஆறாவதுவருடம் | வெள்ளி, காலை 7:15

சரி டாக்டர். பழைய குப்பியில் கால் பங்கு மிச்சம் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

ஜெல்ராணி | வெள்ளி, காலை 7:30

போடாதே! மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வை. மேலே லாட் எண், தேதி, "எல்பிஎஸ் உள்ளது" என்று எழுதி ஒட்டு. 2019 கட்டுரையைப் பற்றி யாராவது கேட்டால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

மூன்றாம்பெஞ்சு | வெள்ளி, காலை 9:50

எங்கள் ஆய்வகத்திலும் ஒரு ஈ.கோலி குப்பி இருக்கிறது, இன்றைக்கே செய்யப்போகிறேன். 95 டிகிரியில் எவ்வளவு நேரம்?

ஆறாவதுவருடம் | வெள்ளி, காலை 9:58

நான் 30 நிமிடம் வைத்தேன். டியூப் மூடியைப் பூட்டும் கிளிப் போட்டுக்கொள். போடாமல் முதல் முறை மூடி பட்டென்று திறந்து, பாதி மாதிரி ஹீட் பிளாக் மேல் போய்விட்டது.